விருதுபட்டிக்கு வந்தவர்கள்

போன பொதுக்குழுவில் மூன்றாவது தீர்மானம் முடிவாகாமல் நின்றது கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் நினைவிருக்கும். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு நம் குடியிருப்பில் வீடு வாடகைக்கு விடலாமா, விட்டால் ஒரு வீட்டில் எத்தனை பேர் தங்கலாம், தண்ணீருக்குத் தனியாக வசூலிக்கலாமா என்பதுதான் தீர்மானம். “உள்ளூர்க்காரங்களுக்கு மட்டும்னு வச்சுட்டா பிரச்சினையே இல்லையே” என்றார் ஒருவர். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, “எந்த உள்ளூர்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நேரமாகிவிட்டதால் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

அந்த அம்மாவின் கேள்வியை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நம் நான்கு பிளாக்குகளிலும் விருதுநகர் நகராட்சி எல்லைக்குள் தாத்தா பிறந்த குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீட்டுக்குள் தெலுங்கு பேசுபவர்கள் இருக்கிறார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து வந்த கன்னடம் பேசும் குடும்பம் இருக்கிறது. உருது உண்டு, மலையாளம் உண்டு, இரண்டு ஆண்டுகளாக இந்தியும் உண்டு. இவர்கள் எல்லோரும் எப்போது வந்தார்கள், வந்தபோது ஊர் அவர்களை எங்கே வைத்தது என்று பார்த்தால், மூன்றாவது தீர்மானம் இந்த ஊருக்குப் புதிதல்ல என்று தெரியும். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக வெவ்வேறு வார்த்தைகளில் இதே தீர்மானத்தைத்தான் ஊர் விவாதித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் மண். இது கரிசல். மழையை நம்பிய ஒரு போகம், பருத்தி, கம்பு, சோளம், மிளகாய். பெரிய ஆறு கிடையாது. கௌசிகா ஆறும் அர்ச்சுனா ஆறும் மழை பெய்தால் ஆறு, இல்லையென்றால் மணல். இப்படிப்பட்ட இடத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று தோன்றும். ஆனால் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறார்கள். சிவகாசிக்குத் தெற்கே வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டையில் 2022-இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் குவியலாகக் கிடைத்தன. கடல் பக்கத்தில் இல்லாத ஊரில் சங்கு அறுத்து வளையல் செய்திருக்கிறார்கள் என்றால், வெளியாட்களோடு கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது என்று பொருள்.

விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கு பேசும் உழவர்களும் படைவீரர்களும் வடக்கிலிருந்து வந்து காட்டைத் திருத்திக் குடியேறினார்கள். நம் பஸ் போர்டுகளைப் படித்தாலே போதும்: சத்திரரெட்டியபட்டி, நாயக்கன்பட்டி என்று முடியும் ஊர்களெல்லாம் அந்த வருகையின் தடயங்கள். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ அந்தப் பயணத்தைத்தான் கதையாக்கியது. ராஜபாளையத்துக்கு ராஜுக்கள் வந்தார்கள். அந்த ஊரைச் சேர்ந்த பி. எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர் கரிசல் காட்டிலிருந்து போய் மாகாணத்தை ஆண்டதை இங்கே யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. வந்து சில நூறு ஆண்டுகள் ஆகிவிட்டால் ‘வந்தவர்’ என்ற சொல் உதிர்ந்துவிடுகிறது. எத்தனை ஆண்டு ஆனால் உதிரும் என்பதற்குத்தான் கணக்கு இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். விருதுபட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சின்ன ஊர். 1801-இல் பாளையக்காரர் போர்கள் முடிந்து, ஆங்கிலேயர் ஆட்சியில் சாலைகள் ஓரளவு பயமில்லாமல் ஆனபோது, திருநெல்வேலிச் சீமையின் பனங்காடுகளிலிருந்து நாடார் வணிகர்கள் மாட்டு வண்டிகளில் கருப்பட்டியும் கருவாடும் பருத்தியும் ஏற்றிக்கொண்டு வடக்கே வரத் தொடங்கினார்கள். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்கள் அவர்களின் முதல் தங்குமிடங்கள். (சாதிப் பெயர் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுத முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன், முடியாது. யாரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.)

இந்த ஊர்களில் அவர்கள் சிறுபான்மை. சுற்றிலும் இருந்தவர்களுக்கு அவர்கள் வெளியாட்கள், அதுவும் அந்தக் காலத்துச் சாதிப் படிநிலையில் கீழே வைக்கப்பட்டவர்கள். ஊர்ப் பொதுக்கிணற்றில் அவர்கள் இறங்க முடியாது, கோயிலுக்குள் போக முடியாது. சரக்குக்கும் பாதுகாப்பு இல்லை. அதனால் அவர்கள் பேட்டை கட்டினார்கள். சுற்றுச் சுவர், ஒரு வாசல், உள்ளே வண்டி நிறுத்த இடம், மூட்டை அடுக்கக் கிட்டங்கி, ஒரு கிணறு, படுக்கத் திண்ணை. இரவு கதவைப் பூட்டிவிடுவார்கள். இன்றைய நம் குடியிருப்பின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: சுற்றுச் சுவர், ஒரு கேட், பார்க்கிங், போர்வெல், வாட்ச்மேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பேட்டையை நடத்தப் பணம் வேண்டும். அதற்குத்தான் மகமை. வருகிற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு பங்கு பொதுப்பெட்டிக்குப் போகும். உறவின்முறை என்ற சபை அதை வைத்திருக்கும். முறை வைத்து ஆள் மாறி மாறிக் கணக்குப் பார்ப்பார்கள். 1969-இல் ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் நாடார்களைப் பற்றி எழுதிய நூலில் இந்த ஏற்பாட்டை விரிவாகச் சொல்கிறார். எனக்கு அதில் பிடித்த விஷயம், மகமை லாபத்தின் மேல் போட்ட வசூல் அல்ல. சரக்கின் மேல் போட்ட வசூல். நஷ்டத்துக்கு விற்றாலும் பொதுப்பெட்டிக்குக் கொடுத்தாக வேண்டும். வியாபாரம் பெருகினால் பெட்டியும் தானாகப் பெருகும். ஊருக்கு ஆள் கூடும்போது கிணறு வெட்டவும் சத்திரம் கட்டவும் பணம் ஏற்கனவே கையில் இருந்தது. மெயின்டனன்ஸ் தொகையைக் கூட்டலாமா என்று ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கும் நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும்.

1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து பருத்தி வராமல் போனபோது, இங்கிலாந்தின் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின. ‘தின்னவேலி’ என்று பெயர் வாங்கிய நம் கரிசல் பருத்திக்கும் விலை ஏறியது. 1876-இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே ரயில் ஓடத் தொடங்கியது. விருதுபட்டி ஒரு ஸ்டேஷன் ஆனது. அதே ஆண்டில்தான் தாது வருடப் பஞ்சமும் தொடங்கியது. ஒரே ஆண்டில் ரயிலும் பஞ்சமும் வந்த ஊருக்கு எப்படிப்பட்டவர்கள் வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்: விற்க வந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள். பருத்தி, மிளகாய், பருப்பு, எண்ணெய் வித்துகள் எல்லாம் இங்கே வந்து விலை பேசப்பட்டுப் போயின. விருதுநகர் மார்க்கெட் விலை என்று இன்றும் பத்திரிகையில் தனியாகப் போடுகிறார்களே, அதற்கு அடித்தளம் இந்தக் காலம்தான்.

பணம் வந்தது. ஆனால் மதிப்பு கூடவே வரவில்லை. இந்த இடத்தில்தான் வரலாறு கசக்கிறது.

கடைவீதியில் பெரிய கடை வைத்திருப்பவர், ஊர் வரியில் பெரும்பங்கு கட்டுபவர், கோயில் வாசலில் வெளியே நிற்க வேண்டும். கமுதியில் கோயில் நுழைவுக்காக 1897-இல் தொடங்கிய தகராறு நீதிமன்றம் போய், சென்னை உயர்நீதிமன்றம் தாண்டி, 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. சிவகாசியில் விசுவநாத சுவாமி கோயில் விவகாரம் வழக்கோடு நிற்கவில்லை. 1899 ஜூன் 6 அன்று பல்லாயிரம் பேர் திரண்டு வந்து சிவகாசியைத் தாக்கினார்கள். வீடுகள் எரிந்தன. அந்த ஏப்ரல் முதல் ஜூலை வரை சுற்றுவட்டாரத்தில் நடந்த கலவரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தாக்க வந்தவர்கள் வேற்றுக்கிரகத்தவர் அல்ல. பக்கத்து ஊர்க்காரர்கள், மறவர்களும் வேறு சாதியினரும். வெகுகாலமாக இருந்த தங்கள் இடத்தைப் புதிதாக வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள் என்ற கோபம் அவர்களுக்கு. அந்தக் கோபத்தின் பொருளாதாரப் பகுதியைப் புரிந்துகொள்ள முடியும். வீட்டைக் கொளுத்தியதை நியாயப்படுத்த முடியாது.

கோயில் கதவு திறக்க இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் அழைத்துப்போன சிறு குழுவில் கக்கனோடு விருதுநகர்க்காரர் ஒருவரும் இருந்தார். அதன்பிறகு வந்த சட்டம் மற்ற கோயில்களின் கதவையும் திறந்தது.

1899-க்கு முன்பே தொடங்கி, அதன்பிறகு வேகம் பிடித்த இன்னொரு காரியம் பள்ளிக்கூடம். 1880-களில் விருதுபட்டியில் சத்திரிய வித்தியாசாலா தொடங்கியது. மகமையோடு பிடி அரிசியும் சேர்ந்தது: சமைக்க உலையில் போடும் முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைப்பார்கள், அதைச் சேகரித்து விற்றுப் பள்ளிக்குக் கொடுப்பார்கள். 1903-இல் பிறந்த காமராஜர் அந்தப் பள்ளியில்தான் படித்தார், குடும்பச் சூழ்நிலையால் சிறு வயதிலேயே நின்றுவிட்டார். பின்னாளில் முதலமைச்சராகி 1956-இல் மதிய உணவைத் தொடங்கியவருக்குப் பிடி அரிசி நினைவில் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். இது என் நம்பிக்கைதான், ஆவணம் கேட்காதீர்கள்.

1915-இல் நகராட்சி, 1923-இல் விருதுபட்டி என்ற பெயர் மாறி விருதுநகர். ‘பட்டி’ போய் ‘நகர்’ வந்ததில் ஊருக்கு இருந்த பெருமையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெட்டி வைத்திருந்தவர்கள் தங்களுக்காகக் கட்டியவை காலப்போக்கில் பொதுவாயின. சமூகத்தின் பெயர் தாங்கிய கல்லூரியில் இன்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆனால் தொடக்கத்தில் மகமை ஒரு சமூகத்தின் சேமிப்புதான் என்பதை மறக்கக் கூடாது. கிணற்றில் இறங்க விடாததால் தனிக் கிணறு வெட்டியவர்கள் இருந்த அதே வட்டாரத்தில், தனிக் கிணறு வெட்டப் பணமே இல்லாத பட்டியலினத்தவர் சேரிகளும் இருந்தன. சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தாங்களே சுவர் கட்டும்போது அதற்கும் ஒரு வெளிப்பக்கம் வந்துவிடுகிறது.

சிவகாசியின் கதை இங்கிருந்து பிரிகிறது. 1922-இல் பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரி ஏறியிருந்த நேரம் அது. கற்றுக்கொண்டு திரும்பி 1923-இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். ‘வெளியாள்’ என்று பேசுகிறோமே, சிவகாசித் தொழிலே வெளியூர் போய் வங்காளிகளிடம் கற்று வந்த தொழில். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், அதனால் அச்சகம். அச்சகம் வந்ததும் காலண்டர், டைரி, நோட்டு. தீப்பெட்டி மருந்து தெரிந்தவர்களுக்கு மத்தாப்பு கஷ்டமில்லை. 1940-இல் வெடிபொருள் விதிகள் வந்தபிறகு உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் எழுந்தன. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, விவசாயத்தில் ஆண்டில் பாதி நாள் வேலை கிடையாது. மற்றவர்களுக்குச் சாபமாக இருந்த மூன்றும் இந்தத் தொழிலுக்கு மூலதனம். இன்று நாட்டின் பட்டாசில் ஏறக்குறைய 90 சதவீதம் இந்த மாவட்டத்திலிருந்து போகிறது. ஆலைகள் ஆயிரத்துக்கு மேல்.

இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை கொடுக்கும் ஊர் வேறு எங்கிருந்தாலும் வீங்கியிருக்கும். கோயம்புத்தூரும் திருப்பூரும் வீங்கின. சிவகாசி அப்படி ஆகவில்லை. 2011 கணக்கெடுப்பில் சிவகாசி நகராட்சியின் மக்கள்தொகை 71,040. அது 2001-இல் இருந்ததைவிடக் குறைவு! விருதுநகர் நகராட்சியும் அப்படித்தான்: 2011-இல் 72,296, பத்தாண்டுகளுக்கு முந்தைய எண்ணிக்கையைவிடச் சற்றுக் குறைவு. அதே பத்தாண்டில் மாவட்டம் 17.51 லட்சத்திலிருந்து 19.42 லட்சமாக வளர்ந்திருக்கிறது. ஆட்கள் எங்கே போனார்கள்?

எல்லைக்கு வெளியே. சிவகாசியோடு ஒட்டிய ஊர்களைச் சேர்த்து எண்ணியபோது அதே 2011-இல் 2,34,688 பேர் இருந்தார்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் திருத்தங்கலில் மட்டும் 55,362 பேர். அதாவது நிஜமான சிவகாசி, ஏட்டில் இருந்த சிவகாசியைப் போல மூன்று மடங்கு. 2021 அக்டோபரில் சிவகாசியையும் திருத்தங்கலையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கியபோதுதான் ஏடு ஊரை எட்டிப் பிடிக்க ஆரம்பித்தது.

இதற்கு நிலத்தின் விலை ஒரு காரணம். பட்டாசு விஷயத்தில் இன்னொரு முக்கியக் காரணம் சட்டம். வெடிபொருள் ஆலை ஊருக்குள் இருக்க முடியாது. ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும், மக்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து தூரம் வேண்டும். சரியான சட்டம்தான். அதன் பக்கவிளைவு என்னவென்றால், ஆலைகள் சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரக் காடுகளில் சிதறின. தொழிலாளி ஊருக்கு வந்து குடியேறத் தேவையில்லாமல் போனது. ஆலை பஸ் அதிகாலையில் கிராமத்துக்குப் போய் ஆளை ஏற்றிவரும், சாயங்காலம் கொண்டுபோய் விடும். முதலாளி, அச்சகம், வங்கி, டாக்டர், நல்ல பள்ளிக்கூடம் எல்லாம் நகரத்தில். தொழிலாளியின் இரவு கிராமத்தில். அவர்களுக்குத் தண்ணீர், ஆஸ்பத்திரி, பள்ளி கொடுக்கும் பொறுப்பு வரி வசூல் அதிகமில்லாத ஒரு சின்ன ஊராட்சியின் தலையில்.

அந்த பஸ்ஸில் ஒரு காலத்தில் குழந்தைகளும் ஏறினார்கள். 1996 டிசம்பர் 10 அன்று எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பணத்தில் குழந்தையைப் படிக்க வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தீர்ப்புக்கு முன்பே தொடங்கிய முயற்சிகளும் அதற்குப் பிறகு வந்த கெடுபிடியும் சேர்ந்து நிலைமையை மாற்றின. பிளஸ் டூ தேர்ச்சியில் ஆண்டுக்கணக்காக மாநிலத்தில் முதலிடம் பிடித்துக்கொண்டிருந்தது இதே மாவட்டம் என்பதைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் மாற்றத்தின் அளவு தெரியும்.

எல்லைக்கு வெளியே வைப்பதற்கு என்ன விலை என்பதை 2012 செப்டம்பர் 5 காட்டியது. முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 38-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உதவிக்கு ஓடிவந்த கிராமத்தினரும் அதில் அடக்கம். கடுமையாகக் கருகியவர்களை எழுபது கிலோமீட்டர் தாண்டி மதுரைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நாட்டுக்கே பட்டாசு செய்யும் இடத்தில் போதுமான தீக்காயச் சிகிச்சை இல்லை. ஏன் இல்லை என்றால், ஆபத்தில் இருந்தவர்கள் யாருடைய நகராட்சி வாக்காளர்களும் அல்ல.

இப்போது நடப்பது இந்தக் கதையின் தொடர்ச்சி. பஸ்ஸில் ஏறியவர்களின் பிள்ளைகள் படித்துவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். குடும்பத்துக்கு ஒன்று இரண்டு பிள்ளைகள்தான். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்று அண்மையத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ‘மக்கள்தொகை பெருகிவிட்டது’ என்று நாம் சொல்வது பழக்கதோஷம். நம்மிடம் பிறப்பது குறைந்துவிட்டது, வருவதுதான் கூடியிருக்கிறது. ராஜபாளையம் நூற்பாலைகளிலும் சிவகாசி அச்சகங்களிலும் கட்டட வேலைகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள். நம் டி பிளாக் வாசல் டைல்ஸை ஒட்டியதும் அவர்கள்தான்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய்ப் பலர் ரயிலேறினார்கள். போலீஸும் அரசும் மறுத்தன, பீகாரிலிருந்து ஒரு குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த ஒரு வாரம் ஆலை முதலாளிகள் எப்படித் தவித்தார்கள் என்று செய்தி படித்தவர்களுக்குத் தெரியும். வதந்தி ஏன் அவ்வளவு எளிதாக நம்பப்பட்டது? ஊருக்குள் நம்பிக் கேட்க அவர்களுக்கு ஒரு பக்கத்து வீடு இல்லை. ஷெட்டில் தங்கி, ஷெட்டிலேயே சமைத்து, ஞாயிற்றுக்கிழமை கடைவீதிக்கு வந்து போகிறவர்களுக்கு ஊர் என்பது போனில் வரும் வீடியோதான்.

இதற்கு மறுபக்கம் நம் வீடுகளிலேயே உண்டு. தென் மாவட்டங்களிலிருந்து சிங்கப்பூர் போன பிள்ளைகள் எத்தனை பேர்! 2020-இல் கொரோனா வந்தபோது அங்கே தொழிலாளர் விடுதிகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தார்கள். அந்த நாட்டின் அந்த ஆண்டுத் தொற்றில் மிகப் பெரும்பங்கு அந்த விடுதிகளில்தான். ஒரு அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் என்ற செய்தியைப் படித்து நாம் பதறினோம். உலகிலேயே நன்றாகத் திட்டமிட்ட நகரம்கூடக் கட்டட வேலைக்காரனை ஓரத்தில் வைத்தது, ஓரத்தில் தொடங்கிய நோய்க்கு நகரம் முழுவதும் விலை கொடுத்தது.

இனி வரப்போவது இன்னும் பெரிது. 2022 ஜனவரியில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. அகில இந்திய ஒதுக்கீட்டில் எல்லா மாநிலப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுக்கு வீடு கொடுக்க நம்மில் யாரும் தயங்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இ.குமாரலிங்கபுரத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா 2023-இல் அறிவிக்கப்பட்டது. அது முழுமையாக இயங்கினால் வேலைக்கு ஆட்கள் நம் மாவட்டத்திலிருந்து மட்டும் கிடைக்கமாட்டார்கள்.

நம் குடியிருப்பும் நகராட்சி எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. ரோசல்பட்டி, கூரைக்குண்டு, சத்திரரெட்டியபட்டிப் பக்கமெல்லாம் முளைத்த வீடுகளைப் போலத்தான் நாமும். விருதுநகர்க்காரர் என்று சொல்லிக்கொள்கிறோம், வரி கட்டுவது ஊராட்சிக்கு. குடிதண்ணீர்க் குழாய் வரவில்லை, லாரித் தண்ணீர் வாங்குகிறோம். கழிவுநீர் எங்கே போகிறது என்று கமிட்டியில் கேட்டால் எல்லோரும் பேச்சை மாற்றுவோம். நகரத்தின் கழிவு கௌசிகாவில் கலந்து குல்லூர்சந்தை அணைக்குப் போகிறது. பறவைகள் வந்து தங்கும் அந்த அணையின் தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாமும் நம் பங்குக்குச் சேர்க்கிறோம். எல்லைக்கு வெளியே நின்றுகொண்டு அதற்கும் வெளியே யாரை நிறுத்தலாம் என்று கூட்டம் போட்டிருக்கிறோம்.

தண்ணீர் பற்றிய கவலையைச் சும்மா ஒதுக்கவும் முடியாது. இரண்டு படுக்கையறை வீட்டில் எட்டுப் பேர் இருந்தால் ஓவர்ஹெட் டேங்க் தாங்காது என்று ஏ பிளாக் சார் சொன்னது உண்மை. அதற்கு மருந்து, ஆளுக்கு இவ்வளவு என்ற எண்ணிக்கை வரம்பும் வீட்டுக்கு வீடு மீட்டரும். எட்டுப் பேர் இருக்கும் வீடு அதிகம் கட்டட்டும். நால்வர் இருந்துகொண்டு தினமும் கார் கழுவும் வீடும் அதிகம் கட்டட்டும். மகமை மூட்டையைத்தான் பார்த்தது, மூட்டைக்காரன் எந்த ஊர் என்று பார்க்கவில்லை. தீர்மானத்தில் ‘வெளிமாநிலத்தவர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, எண்ணிக்கையையும் மீட்டரையும் மட்டும் வைக்க வேண்டும் என்று திருத்தம் கொடுத்திருக்கிறேன். ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், கூட்டத்தில் பேசுவோம்.

கடைசியாக ஒரு வேலை. 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கப்போகிறது. தலைகளை எண்ணுவது பிப்ரவரியில். எங்கே பிறந்தீர்கள், தாய்மொழி என்ன, இதற்கு முன் எங்கே இருந்தீர்கள், ஏன் வந்தீர்கள் என்றெல்லாம் வழக்கமாகக் கேட்பார்கள். ஏன் வந்தீர்கள் என்ற கேள்விக்கு இந்தியாவில் மிக அதிகமானவர்கள் சொல்லும் பதில் ‘கல்யாணமாகி வந்தேன்’. ஆகவே நம் குடியிருப்பின் மிகப் பெரிய புலம்பெயர் கூட்டம் நம் மருமகள்கள்தான். இந்தக் கணக்கை வைத்துத்தான் தண்ணீர்த் திட்டமும் ஆரம்ப சுகாதார நிலையமும் ரேஷனும் முடிவாகும். கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியராக இருப்பார், நான்கு மாடி ஏறி இறங்கிக் களைத்திருப்பார். நான்கு பிளாக் முடித்து அவர் கிளம்பும்போது, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் வாட்ச்மேன் குடும்பமும், பக்கத்து மனையில் கட்டட ஷெட்டில் இருக்கும் பதினான்கு பேரும் இருக்கிறார்கள் என்று சொல்லி, யாராவது ஒருவர் கூடப் போய்க் காட்டிவிட்டு வாருங்கள். அவர்களுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. சி பிளாக் மெடிக்கல் காலேஜ் மாணவி இந்தியில் சொல்லித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள்.